டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல்

அன்புள்ள அத்தானுக்கு,

நலமா என்று எழுதக் கை போகிறது, அடக்கிக்கொள்கிறேன். நாங்கள் நலம். மகேசு நலம். கட்டிடத்து லிஃப்ட் மட்டும் வழக்கம்போலப் படுத்துவிட்டது. உங்கள் வண்டியும் நலம். கடைசியில் சொன்னதை நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நம் ஊர்க்காரர்கள் இந்த வருடம் பொங்கல் மலர் போடுகிறார்களாம். "பால்வாடி டீச்சர்தான, எதாச்சும் எழுதிக் குடுங்க" என்று வாசலில் வந்து நின்றார்கள். எனக்குக் கதையா எழுதத் தெரியும்? உங்களிடம் சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்துபோயிருந்தது. அதையே எழுதிக் கொடுக்கிறேன், மற்றவர்கள் ஓரமாக நின்று படித்துக்கொள்ளட்டும். நம் மகள் மகேசு படிக்க மாட்டாள். அவள் தமிழ் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அடுத்த பொங்கல் வந்துவிடும். ஆகவே அவளைப் பற்றியும் தைரியமாக எழுதலாம்.

உங்களைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நீங்கள் லிஃப்ட் மெக்கானிக். மாட்டுங்காவிலிருந்து முலுண்ட் வரைக்கும் எந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் நின்றாலும் உங்களுக்குத்தான் போன் வரும். ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு, தாராவியில் நம் நான்காவது மாடிக்கு மூச்சு வாங்கப் படியேறி வருவீர்கள். அந்த வேலைக்கெல்லாம் உங்களைச் சுமந்தது கார்பரேட்டர் வைத்த பழைய வண்டி. இப்போது வரும் புது வண்டிகளில் அந்தச் சாமானே கிடையாதாம்.

கார்பரேட்டர் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்ததே உங்களுடைய சண்டையால்தான். டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்கி அதன் அடியில் ஒரு சின்னக் கிண்ணத்தில் நிற்கும். அங்கிருந்து ஊசிக்கண் மாதிரி இருக்கும் ஜெட் வழியாக ஏறி, காற்றோடு கலந்து இன்ஜினுக்குப் போகும். பெட்ரோல் நாள்பட நின்றால் பிசினாகிவிடும். பிசின் ஜெட்டை அடைத்தால் வண்டி படுத்துவிடும். இது வரைக்கும் நீங்களும் காஜா அண்ணனும் ஒரே கட்சி. அடைப்பை எப்படி எடுப்பது என்பதில்தான் இருவருக்கும் ஆகாது.

காஜா அண்ணனுக்குக் கடையநல்லூர். நம் தெருமுனையில் டூவீலர் ஒர்க்‌ஷாப். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டதால் நீங்கள் அவருக்கு மாப்பிள்ளை, அவர் உங்களுக்கு மச்சான். ஞாயிற்றுக்கிழமை டீ கிளாஸோடு அங்கே போய் நின்றீர்கள் என்றால் அதே பேச்சுதான்.

"மாப்ள, கார்பரேட்டரக் கழத்திக் கழுவுனாத்தாம்ல பிசினு, கச்ரா எல்லாம் போவும். மேல இருந்து மருந்த ஊத்துனா அடியில பிடிச்சது எப்படிப் போவும்?"

"ஓடுத வண்டிய எதுக்கு மச்சான் கழத்தணும்? நீ ஒரு ஸ்க்ரூவக் கழத்துனா ரெண்ட தொலச்சிருவ. என் டானிக் போதும்."

"எழுதித் தாரேன். ஒருநாள் உன் வண்டி நடுரோட்ல நிக்கும். அன்னைக்கு இந்தக் காஜாகிட்டதான் உருட்டிட்டு வருவ."

பெட்ரோலில் கலக்கும் அந்த மருந்துக்கு டானிக் என்று பெயர் வைத்ததும் நீங்கள்தான். பங்கில் டேங்க் நிரப்பும்போதெல்லாம் ஒரு மூடி அளந்து ஊற்றுவீர்கள். டப்பா நம் வீட்டு அலமாரியில் தேங்காய் எண்ணெய்க்குப் பக்கத்தில் இருக்கும். ஊரிலிருந்து வந்த என் தம்பி அதைத் தலையில் தேய்க்கப் போய், மகேசு கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்களே, நினைவிருக்கிறதா?

வண்டியும் உங்கள் மானத்தைக் காப்பாற்றியது. ஒரு நாளும் நடுரோட்டில் நிற்கவில்லை. காஜா அண்ணனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. நீங்கள் திருட்டுத்தனமாக வேறு எவனிடமோ கொடுத்துக் கழற்றிக் கழுவுகிறீர்கள் என்று அவருக்குச் சந்தேகம். சயான் பக்கம் ஒரு மெக்கானிக்கின் பேரைச் சொல்லி என்னிடமே துப்பு விசாரித்தார்.

அந்தக் கடைசிச் சாயங்காலத்தைப் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும். நான் கேலரியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் வண்டிச் சத்தம் கேட் வரைக்கும் வந்து அணைந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். நீங்கள் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு காம்பவுண்டுக்குள் வந்தீர்கள். எப்போதும் நம் இடத்துக்கு வந்த பிறகுதான் அணையும், இன்றைக்குப் பெட்ரோல் தீர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு தோசைக்கல்லை அடுப்பில் போடப் போய்விட்டேன். மேலே வந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தீர்கள். "கொஞ்சம் தளர்ச்சியா இருக்கு பேச்சி" என்றீர்கள். தோசை வேண்டாம் என்றீர்கள். காலையில் சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மத்தியானம் நீங்கள் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் ஊர் திரும்பிய பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை வண்டியைத் துடைக்கக் கீழே இறங்கினேன். ஹேண்டிலைப் பிடித்து அசைத்ததும் டேங்குக்குள் தளும்பும் சத்தம் கேட்டது. மூடியைத் திறந்து பார்த்தால் முக்கால்வாசி இருக்கிறது. அன்றைக்குத்தான் நிரப்பியிருக்கிறீர்கள். அப்புறம் ஏன் அத்தான் தள்ளிக்கொண்டு வந்தீர்கள்? யாரிடமும் நான் இதைக் கேட்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் போய்த் துடைப்பேன், ஹேண்டிலை அசைப்பேன், அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு மேலே வருவேன். உங்கள் கையால் வாங்கி வைத்த பொருள் வீட்டில் எல்லாம் தீர்ந்துவிட்டது. அரிசி தீர்ந்தது, நீங்கள் வாங்கிப் போட்ட சோப்பு தீர்ந்தது. இது ஒன்றுதான் மிச்சம். இரண்டு மழைக்காலம் இப்படிப் போனது.

போன மாதம் நம் கட்டிடத்துச் சொசைட்டியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஓடாத வண்டிகள் காம்பவுண்டில் இடத்தை அடைக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை பங்கார் டெம்போ வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகும் என்று. பழைய இரும்புக்கு, அத்தான். நம் வண்டியை நசுக்கிக் கட்டியாக்கிவிடுவார்கள். செக்ரட்டரியிடம் ஓடினேன். அவர் நல்ல மனிதர்தான், உங்களை வைத்துத்தானே அவர் வீட்டு அம்மா லிஃப்டில் மாட்டிக்கொண்டபோது வெளியே எடுத்தார்கள். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பாபி, ரூல் சப்கேலியே ஏக் ஹை. சாலூ கர்கே திகாவோ, பஸ்." விதி எல்லாருக்கும் ஒன்றுதான் அண்ணி, ஸ்டார்ட் செய்து காட்டினால் போதும் என்கிறார்.

நேரே காஜா அண்ணனிடம் போயிருக்கலாம். நான் போகவில்லை. போனால் அவர் கழற்றுவார், கழற்றினால் பழைய பெட்ரோலை வெளியே கொட்டுவார். அப்புறம் வெள்ளிக்கிழமை நான் எந்தச் சத்தத்தைக் கேட்பேன்? அவரும் நீங்கள் போன பிறகு நம் காம்பவுண்டுப் பக்கம் திரும்பியதே இல்லை. டீக்குக்கூட நம் கேட் பக்கத்துக் கடையை விட்டுவிட்டு எதிர்ச்சாரிக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். உங்கள் வண்டி அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். அவருடைய பெண்சாதி சொன்னாள்.

மகேசுதான் அலமாரியிலிருந்து உங்கள் டானிக்கை எடுத்தாள். பாதிக்குமேல் இருந்தது; அதுவும் நீங்கள் வாங்கி வைத்ததுதான் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"அம்மா, கழத்தவே வேண்டாம். வீடியோல பாத்தேன். இத ஊத்திட்டு வெயிட் பண்ணா, அந்தர் கா கச்ரா எல்லாம் கரைஞ்சிரும். அப்பாவோட தரீகா."

அப்பாவின் வழி என்று அவள் சொன்னதும்தான் எனக்கு உயிர் வந்தது. இத்தனை வருடம் உங்கள் டானிக்கைக் கிண்டல் செய்தவள் நான். அன்றைக்கு முழுசாக உங்கள் கட்சிக்கு வந்துவிட்டேன். அதை ஊற்றினால் உங்கள் பெட்ரோல் இருந்த இடத்திலேயே இருக்கும், வண்டியும் கிளம்பிவிடும். எனக்கு வேறென்ன வேண்டும்? ஒரு மூடி எங்கே, மகேசு டப்பாவையே கவிழ்த்தாள். இருவரும் வண்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நன்றாகக் குலுக்கினோம். வாட்ச்மேன் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

ஒரு ராத்திரி ஊறவிட்டுக் காலையில் மகேசு கிக் அடித்தாள். இருமல்கூட வரவில்லை. அலுவலகத்துக்கு முலுண்ட் போக வேண்டியவள் லீவு போட்டாள். சோக்கை இழுத்து அடித்தாள், தள்ளி அடித்தாள். கட்டிடத்தில் ஆளுக்கொரு யோசனை. பிளக்கைத் துடை என்றார் ஒருவர். சரிவில் உருட்டு என்றார் ஒருவர். தாராவியில் சரிவுக்கு எங்கே போக? அவள் கால் வீங்கிப்போனது. சனிக்கிழமை காலையில் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பாவோட டானிக் சும்மாம்மா. காஜா மாமா சொன்னதுதான் சரி" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். வண்டி கிளம்பவில்லை என்பதற்கு மட்டும் அழவில்லை, உங்களை விட்டுக்கொடுத்துவிட்டோமே என்றும்தான் என்று எனக்குப் பட்டது. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பிறகு அவளே போனை எடுத்தாள்.

காஜா அண்ணன் ஒரு பையில் சாமான்களைப் போட்டுக்கொண்டு வந்தார்.  வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார், சீட்டைத் தடவினார். பிறகு குத்தவைத்து, டேங்குக்கு அடியில் இடது பக்கமாகக் கையை விட்டார். கை அங்கேயே நின்றுவிட்டது.

"ஏட்டி மகேசு, பெட்ரோல் டேப்ப யாரு மூடுனா?"

"எந்த டேப்பு மாமா?"

"தங்கச்சி, நீ தொட்டியா?"

"எனக்கு அது எங்க இருக்குன்னே தெரியாதுண்ணே."

அவர் எழுந்திருக்கவில்லை. "அடப்பாவி" என்றார் மெதுவாக. "மூடிக் கெடக்கு தங்கச்சி. நீங்க ஊத்துன டானிக் ஒரு சொட்டு கீழ எறங்கல. பெட்ரோலே எறங்கலயே, பொறவு எப்படி ஸ்டார்ட் ஆவும்?"

கார்பரேட்டரைக் கழற்றினார். அடிக்கிண்ணத்தைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தார். மகேசு எட்டிப் பார்த்தாள், நானும் பார்த்தேன். பிசின் இல்லை, ஒரு கறை இல்லை. சோறு போட்டுச் சாப்பிடலாம் போல உலர்ந்து கிடந்தது. ஜெட்டைக் கண்ணுக்கு நேரே வைத்து அதன் வழியாக வானத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு சாக்கு வேண்டாமா, பாவம்.

"வண்டி வந்து நிக்கையில எப்படி அணைப்பான், தங்கச்சி?"

"அவிய எங்க அணைப்பாவ? இடத்துக்கு வந்ததும் அதுவா லொடக்குன்னு அணைஞ்சிரும். வண்டிக்கு வயசாயிட்டுன்னு நெனச்சேன்."

அப்போதுதான் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும்போது, தொண்ணூறடி ரோட்டில் அந்த மருந்துக்கடைத் திருப்பம் வந்ததும் உங்கள் இடது கை கீழே போகும். முழங்காலைத் தடவுகிறீர்கள் என்று நினைத்து, வலிக்கிறதா, தைலம் தேய்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறேன். நீங்களும் "தேய்யேன்" என்று காலை நீட்டியிருக்கிறீர்கள். எத்தனை பாட்டில் தைலம் அத்தான்! இதை நான் சொல்லி முடிப்பதற்குள் காஜா அண்ணன் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அங்கனயே டேப்ப மூடிருவான். கிண்ணத்துல இருக்க பெட்ரோல்ல வீடு வரைக்கும் வருவான். வந்து சேரும்போது கிண்ணம் காலி. நின்னாத்தான பிசின் பிடிக்கும்? டானிக்காம் டானிக்! என்ட்ட இத்தன வருசம் வாயத் தொறந்தானா பாரு."

அவரை ஜெயிப்பதற்காகத்தானே மறைத்தீர்கள்? என்னிடமாவது சொல்லியிருக்கலாம். நான் போய்க் காஜா அண்ணனிடம் உளறிவிடுவேன் என்று பயந்திருப்பீர்கள். உளறியிருப்பேன்தான்.

சிரித்து ஓய்ந்ததும் நான் அந்தச் சாயங்காலத்தைச் சொன்னேன். டேங்கில் முக்கால்வாசிப் பெட்ரோல் இருந்தும் வண்டி கேட்டில் நின்றது, நீங்கள் தள்ளிக்கொண்டு வந்தது, எல்லாவற்றையும் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"திருப்பத்துல எப்பமும் போல மூடியிருக்கான். அதுக்குப் பொறவு வழியில எங்கயோ வண்டிய அணைக்காம கொஞ்சம் நின்னிருக்கான். அதுல கிண்ணம் தீந்துட்டு. அவ்வளவுதான் தங்கச்சி."

எங்கே நின்றீர்கள் அத்தான்? நெஞ்சு வலித்ததா? வண்டியிலேயே உட்கார்ந்திருந்தீர்களா, காலை ஊன்றிக்கொண்டு? அந்த ரோட்டில் எவ்வளவு கூட்டம் போகும், ஒருவராவது என்ன அண்ணாச்சி என்று கேட்டார்களா? பக்கத்தில் காஜா அண்ணன் ஒர்க்‌ஷாப், கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பார். டேப்பைத் திரும்பத் திறந்திருந்தால்கூட வீடு வரைக்கும் உட்கார்ந்தே வந்திருக்கலாமே.   காஜா அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு ஜெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார், அதில் துடைக்க ஒன்றுமே இல்லை.

பிறகு நான் பயந்த பேச்சு வந்தது. "டேங்க்ல உள்ளத எறக்கணும். புளிச்சுப்போச்சு, மோந்து பாரு. டானிக் ஊத்துனாலும் இது தேறாது. இத உள்ள விட்டா நம்ம சுத்தமான கார்பரேட்டர் பாழாயிரும்."

"வேண்டாம்ணே" என்றேன். காரணம் கேட்டார். சொன்னேன். சொல்லும்போது வெட்கமாகத்தான் இருந்தது, பெட்ரோலுக்கா இவள் அழுகிறாள் என்று நினைப்பாரே என்று. அவர் அப்படி நினைக்கவில்லை. மகேசு கொஞ்சம் பாட்டிலில் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். "கேஸ் அடுப்பு எரியுத வீட்ல பெட்ரோலா? ஒங்கப்பன் வந்து என்னய உதைப்பான்" என்று அவளை அதட்டினார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இத நான் சாக்கடையில ஊத்த மாட்டேன். இன்ஜினுக்குத்தான் ஆவாது, கிரீஸக் கழுவ நல்லா ஆவும். அவன் வாங்குனது, அவன் வண்டிக்கே செலவாவட்டும்."

அப்படியே செய்தோம். டேங்கிலிருந்து கேனில் இறக்கினார். பழைய டூத்பிரஷை நான்தான் மேலேயிருந்து கொண்டுவந்தேன். உங்கள் பெட்ரோலைத் தொட்டுத் தொட்டுச் செயினைத் தேய்த்தேன். இரண்டு மழைக்காலத்து அழுக்கும் கறுப்பாக வழிந்தது. மகேசு சக்கரத்தைத் துடைத்தாள். மீதியைக் காஜா அண்ணன் கேனோடு எடுத்துவைத்தார், இந்த வண்டி சர்வீஸுக்கு வரும்போது மட்டும் தொடுவேன் என்று சொல்லி. கையெல்லாம் அந்த வாடை. சாயங்காலம் வரைக்கும் நான் சோப்புப் போடவில்லை.

காஜா அண்ணன் தன் வண்டியிலிருந்து ரப்பர் குழாய் வைத்து நல்ல பெட்ரோல் எடுத்து ஊற்றினார். டேப்பைத் திறந்தார். "நீயே அடி" என்றார் மகேசுவிடம். வீங்கிய காலோடு அடித்தாள். இரண்டு தடவை இருமியது, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. அத்தான், அந்தச் சத்தம்! நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். முதல் மாடி ஜன்னலில் செக்ரட்டரி எட்டிப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார். மறுநாள் டெம்போ வந்தது, மற்ற வண்டிகளை ஏற்றிக்கொண்டு போனது. நம் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இப்போது அது மகேசுவின் வண்டி. ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டிருந்தவள் கியர் போடவும் கற்றுவிட்டாள். இன்சூரன்ஸைக்கூட எனக்குச் சொல்லாமல் முன்பே கட்டிவைத்திருக்கிறாள், கள்ளி. காஜா அண்ணன் வாராவாரம் வந்து பார்க்கிறார். பழைய கடையிலேயே டீ குடிக்கிறார். அலமாரியில் டானிக் டப்பாவைக் காலியாகவே வைத்திருக்கிறேன். அவர் வந்தால் கண்ணில் படுகிற மாதிரி வைப்பேன். உங்கள் சார்பாக நான் செய்யும் குறும்பு அது.

மருந்துக்கடைத் திருப்பம் வந்தால் மகேசுவும் டேப்பை மூடுகிறாள். யாரும் சொல்லவில்லை, அவளே ஆரம்பித்தாள். உங்கள் கணக்கு அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. நேற்றுச் சாயங்காலம் நான் கேலரியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வண்டிச் சத்தம் கேட் வரைக்கும் வந்து அணைந்தது. எட்டிப் பார்த்தேன். அவள் இறங்கி, தள்ள ஆரம்பித்தாள்.  துணியை அப்படியே போட்டுவிட்டு, லிஃப்டைப் பார்க்காமல், படியில் ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை.

"ஏம்மா, க்யா ஹுவா? எதுக்கு இப்படி ஓடியார?" என்றாள்.

நான் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துத் தள்ளினேன். இரண்டு பேர் தள்ளினால் அது ஒரு கனமே இல்லை, அத்தான். அவ்வளவு லேசாக வருகிறது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் காலில் தெம்பு இருக்கும் வரை, நம் வீட்டு வண்டி கேட்டில் நின்றால் நான் கீழே இறங்கி வருவேன். இனி நம் வீட்டில் யாரும் அதைத் தனியாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள்
பேச்சி